ஒருவேளை ரோம் விழாமல் இருந்திருந்தால்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு ரோம வரலாறு பேசுகிறேன். பேச்சு நடக்கும்போது யாரும் வாய் திறப்பதில்லை. முடிந்து டீ வந்ததும் ஆரம்பிக்கும்: “ஒருவேளை அந்த ராஜா மட்டும் சாகாம இருந்திருந்தா…” மூன்று வருடத்தில் அதே சந்தேகங்கள் வேறு வேறு வாயிலிருந்து வந்துவிட்டன. கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, நான் சொன்ன பதிலையும் சேர்த்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வம்பான கேள்விகள் பின்னால்.

“மாற்று வரலாறுங்கிறது சும்மா பொழுதுபோக்குதானே சார்? நடக்காததைப் பேசி என்ன ஆகப்போகுது?”

பொழுதுபோக்குதான், மறுக்கவில்லை. ரொம்பப் பழைய பொழுதுபோக்கு. அகஸ்டஸ் காலத்தில் ரோம வரலாறு எழுதிய லிவி, தன் ஒன்பதாம் நூலில் கதையை நடுவில் நிறுத்திவிட்டு, அலெக்சாண்டர் ரோமின் மீது படையெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறார். ரோம்தான் ஜெயித்திருக்கும் என்பது அவர் தீர்ப்பு. ரோமாபுரிக்காரர் வேறென்ன சொல்வார்!

இன்னொன்று. “இந்தப் போர்தான் பேரரசை அழித்தது” என்று யாராவது எழுதினால், அந்தப் போர் நடக்காவிட்டால் பேரரசு அழிந்திருக்காது என்றும் சேர்த்துத்தான் சொல்கிறார். அந்த இரண்டாம் பாதியை வாய்விட்டுச் சொல்லி, அது நிற்குமா என்று தட்டிப் பார்க்கிறோம். பாதி நேரம் நிற்பதில்லை.

“ரோம், பைசாந்தியம் – ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா?”

ஒன்றுதான். கான்ஸ்டன்டைன் 330-ல் தன் பெயரில் ஒரு தலைநகரைத் திறந்துவைத்தார். பைசாந்தியம் என்ற பழைய கிரேக்க ஊரின் இடத்தில் எழுந்த கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். அங்கிருந்து ஆண்டவர்கள், 1453-ல் ஓட்டோமான் துருக்கியர் நகரைப் பிடிக்கும் வரை, தங்களை ரோமானியர் என்றே சொல்லிக்கொண்டார்கள், பேசியது கிரேக்கமாக இருந்தாலும். எதிரிகளும் அந்த நாட்டை ‘ரூம்’ என்றார்கள். ‘பைசாந்தியப் பேரரசு’ என்ற பெயர் 16ஆம் நூற்றாண்டில், அந்தப் பேரரசு போன பிறகு, ஹியரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் வழியாகப் புழக்கத்துக்கு வந்தது.

“476-ல ரோம் விழுந்துச்சுன்னுதானே ஸ்கூல்ல படிச்சோம்?”

விழுந்தது மேற்குப் பாதி. அதுவும் சத்தமில்லாமல். ரோமுலுஸ் அகஸ்டுலுஸ் என்ற பையனை ஓடோவக்கர் என்ற படைத்தலைவர் அரியணையிலிருந்து இறக்கினார். அரச சின்னங்கள் கிழக்கே ஜீனோ பேரரசருக்குப் போய்ச் சேர்ந்தன. ஒரு பேரரசர் போதும் என்று சேதியும் போனது. பையனைக் கொல்லக்கூட இல்லை. கிழக்குப் பாதி அதன்பின் இன்னும் 977 வருடம் ஓடியது.

“எந்த இடத்துல மாத்துறதுன்னு எப்படி முடிவு பண்றீங்க?”

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. மாற்றுவது சின்னதாக இருக்க வேண்டும், கிட்டத்தட்ட நடந்திருக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். காற்று வேறு பக்கம் அடித்தது, ஒரு கடிதம் ஒரு நாள் தாமதமானது, இப்படி. ரோமானியரிடம் துப்பாக்கி இருந்தால் என்பதெல்லாம் வேறு விளையாட்டு.

அப்புறம் முக்கியமான கேள்வி: சம்பளம் யார் கொடுத்தது? படை என்றால் கூலி, கூலி என்றால் வரி, வரி என்றால் விளைச்சல் உள்ள மாகாணம். போர்க்களத்தில் முடிவை மாற்றிவிட்டு வரிக்கணக்கை அப்படியே விட்டால், பத்து வருடத்தில் கதை பழைய இடத்துக்கே வந்து சேரும். கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயத்தைத்தான் சுற்றுகின்றன.

“டியூட்டோபர்க் காட்டுல தோக்காம இருந்திருந்தா ஜெர்மனியும் லத்தீன் பேசியிருக்குமா?”

கி.பி. 9-ல் வாருஸ் என்ற ஆளுநர் மூன்று லீஜியன் படைகளோடு அந்தக் காட்டில் மாட்டி அழிந்தார். பொறி வைத்தவர் அர்மினியஸ் என்ற ஜெர்மானியர், ரோமப் படையிலேயே பயிற்சி பெற்றவர். 17, 18, 19 என்ற அந்தப் படை எண்களை ரோம் மறுபடி யாருக்கும் கொடுக்கவில்லை. ரைனுக்குக் கிழக்கே ரோம் வெறும் முகாம் போட்டிருந்தது என்று நினைக்க வேண்டாம். வால்ட்கிர்மெஸ் என்ற இடத்தில் அகழ்ந்தபோது மன்றக் கட்டடத்தோடு ஒரு ஊரே கிடைத்தது, தங்க முலாம் பூசிய வெண்கலக் குதிரைத் தலையும் கிடைத்தது. ஊர் கட்டிக் குடியேறும் எண்ணத்தில்தான் இருந்தார்கள்.

ஆனால் தோல்வியோடு கதை முடியவில்லை. 14 முதல் 16 வரை ஜெர்மானிக்கஸ் பெரும்படையோடு திரும்பிப் போய் அடித்தார். போதும், வா என்று அவரைத் திரும்ப அழைத்தவர் திபேரியஸ் பேரரசர். அங்கே வசூலாகும் வரி, வைத்திருக்க வேண்டிய படையின் செலவுக்குக் கட்டாது என்பது யாருக்கும் தெரிந்த கணக்கு. எனவே நான் மாற்றுவதென்றால் அந்தக் காட்டை மாற்ற மாட்டேன், திபேரியஸின் மனதை மாற்றுவேன். அது காட்டுச் சண்டையை ஜெயிப்பதைவிடக் கஷ்டம்.

“அலெக்சாண்ட்ரியாவுல ஹீரோன்னு ஒருத்தர் நீராவி உருண்டை செஞ்சாராமே. ரோம்ல ரயிலே ஓடியிருக்கலாமே அண்ணா?”

முதல் நூற்றாண்டில் ஹீரோ விவரித்த அந்த உருண்டை சுற்றியது உண்மை. ஆனால் அது எதையும் இழுக்காது. 1712-ல் நியூகமனின் நீராவி எந்திரம் ஓடியதற்குக் காரணம், தண்ணீர் நிறைந்த நிலக்கரிச் சுரங்கமும், எரிக்க மலிவான கரியும் ஒரே இடத்தில் இருந்தது. பிறகு ஜேம்ஸ் வாட்டுக்குத் துல்லியமான உருளை கிடைத்தது பீரங்கி துளைக்கும் தொழிலிலிருந்து. ரோமில் பீரங்கியும் இல்லை, அந்த மாதிரிச் சுரங்கமும் இல்லை.

ரோமானியருக்கு எந்திரம் பிடிக்காது என்று சொல்வதும் தப்பு. பிரான்சின் ஆர்ல் அருகே பார்பெகாலில் 16 நீர்ச்சக்கரங்களை மலைச்சரிவில் வரிசையாக ஓட்டி மாவு அரைத்தார்கள். அதே சமயம், தூண்களைக் குறைந்த செலவில் ஏற்றும் உபாயம் கொண்டுவந்தவருக்கு வெஸ்பாசியன் பேரரசர் பரிசு கொடுத்துவிட்டு, ‘ஏழைகளுக்குச் சோறு போட விடு’ என்று மறுத்ததாக ஒரு பழைய குறிப்பு உண்டு.

“மேற்கு ரோமைக் காப்பாத்த ஒரே ஒரு சான்ஸ்னா எதைச் சொல்வீங்க?”

468. யோசிக்காமல் சொல்வேன். 439-ல் கெய்சரிக் தலைமையில் வாண்டல்கள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் கார்த்தேஜைப் பிடித்தார்கள். வட ஆப்பிரிக்காதான் மேற்கின் அரிசிப் பானை. சரி, அவர்களுக்குக் கோதுமைப் பானை. தானியம், எண்ணெய், வரி எல்லாம் அங்கிருந்து வந்தது. அது போன பிறகு மேற்குப் பேரரசர் யாருக்கும் சொந்தமாகப் படை வைக்கக் காசில்லை. மயோரியன் என்ற கெட்டிக்காரர் 460-ல் ஸ்பெயினில் கப்பல் திரட்டினார். கடல் தாண்டுவதற்கு முன்பே அவை பறிபோயின. அடுத்த வருடம் அவருடைய தளபதி ரிசிமரே அவரைத் தீர்த்துக் கட்டினார்.

468-ல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து கடைசியாக ஒரு முறை முயன்றன. லியோ பேரரசர் 1,000-க்கும் மேற்பட்ட கப்பல்களை அனுப்பினார். செலவு 1,30,000 பவுண்டு தங்கம் என்கிறார் வரலாற்றாசிரியர் புரோக்கோபியஸ். கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனாலும் கஜானா பல வருடம் எழவில்லை. தலைமை, ராணியின் சகோதரர் பசிலிஸ்கஸ். கார்த்தேஜுக்கு அருகே வந்து நங்கூரமிட்டார். கெய்சரிக் ஐந்து நாள் தவணை கேட்டார். இவர் கொடுத்தார்! அதற்குள் காற்று திரும்பியது. எரியும் படகுகளைக் காற்றோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்த ஐந்து நாளைக் கொடுக்காமல் இருந்திருந்தால்? இது வீண் ஆசை இல்லை என்பதற்குச் சாட்சி 533. ஜஸ்டீனியன் பேரரசரின் தளபதி பெலிசாரியஸ் வெறும் 15,000 வீரர்களோடு இறங்கி, சில மாதங்களில் அதே வாண்டல் அரசை முடித்தார். ஆப்பிரிக்கா 468-லேயே திரும்பியிருந்தால் இத்தாலியில் சம்பளம் கொடுக்கப் பணம் இருந்திருக்கும். 476-ல் ஓடோவக்கரின் வீரர்கள் கலகம் செய்ததே நிலம் கேட்டுத்தான். ஸ்பெயினும் பிரான்சும் திரும்பி வந்திருக்கும் என்று சொல்ல மாட்டேன். இத்தாலியும் ஆப்பிரிக்காவும் சேர்ந்த சின்ன மேற்கு ரோம் ஒன்று இன்னும் ரெண்டு தலைமுறை நின்றிருக்கும். அவ்வளவுதான், ஆனால் அதுவே பெரிசு.

“ஜஸ்டீனியன் காலத்துல பிளேக் மட்டும் வரலைன்னா ரோம் முழுசா திரும்பியிருக்குமா?”

541-ல் எகிப்தின் பெலூசியத்தில் தொடங்கி 542-ல் தலைநகருக்கு வந்த கொள்ளைநோய் அது. மோசமான நாட்களில் ஒரு நாளில் 10,000 பேர் செத்ததாகப் புரோக்கோபியஸ் எழுதுகிறார். நோயே வரவில்லை என்று வைப்பது என் முதல் வழக்கத்துக்கு எதிரானது. சின்ன மாற்றம் இல்லை அது, பூமியையே மாற்றுவது. 536-ல் வெயில் மங்கி விளைச்சல் கெட்டது வேறு இருக்கிறது.

இதைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு. ஜஸ்டீனியனுக்கே நோய் வந்து அவர் பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால்? பிள்ளை இல்லை. பெலிசாரியஸ் உயிரோடு இருக்கிறார், படை அவரை விரும்புகிறது. இத்தாலியில் 554 வரை இழுத்த போர் பேரம் பேசி முடிந்திருக்கலாம். அந்தப் போர் இத்தாலியை உருக்குலைத்தது. 568-ல் லொம்பார்டுகள் என்ற ஜெர்மானியக் கூட்டத்தார் நுழைந்தபோது தடுக்க ஆளில்லை.

“ரோமும் பாரசீகமும் அடிச்சுக்காம இருந்திருந்தா அரபுப் படைகள் ஜெயிச்சிருக்காதுதானே?”

அதிகம் கேட்கப்படும் கேள்வி, அதிகம் அவசரப்பட்டுப் பதில் சொல்லப்படும் கேள்வியும்கூட. கதை 602-ல் தொடங்குகிறது. மௌரீஸ் பேரரசர், பனிக்காலத்தை டான்யூபுக்கு வடக்கே எதிரி நிலத்திலேயே கழிக்கும்படி படைக்கு உத்தரவிட்டார். சிக்கனம். படை கலகம் செய்தது, போக்காஸ் என்பவரைத் தூக்கி வைத்தது, மௌரீஸையும் மகன்களையும் கொன்றது. பாரசீக மன்னர் இரண்டாம் கோஸ்ரோவுக்கு அரியணையை மீட்டுக் கொடுத்தவரே மௌரீஸ்தான். அந்தக் கொலையைச் சாக்காக வைத்து கோஸ்ரோ போர் தொடுத்தார். 628 வரை இழுத்தது. ஜெருசலேம் 614-ல் போனது, பிறகு எகிப்தும் போனது, 626-ல் கான்ஸ்டாண்டிநோபிளே முற்றுகையில். ஹெராக்ளியஸ் கடைசியில் ஜெயித்தார். எட்டே வருடத்தில், 636-ல் யார்மூக் போரில் அரபுப் படையிடம் ரோம் தோற்றது.

மௌரீஸ் ஒரு உத்தரவை மாற்றியிருந்தால் இரண்டு பேரரசுகளும் கையில் காசோடும் ஆளோடும் இருந்திருக்கும். எல்லை அவ்வளவு வேகமாக நகர்ந்திருக்காது என்று சொல்லலாம். ஆனால் எல்லையைக் காத்துவந்த அரபுக் கூட்டாளிகளை இரு தரப்பும் தாங்களே ஒழித்துக் கட்டியிருந்தார்கள்: ரோம் கசானிதுகளை 580களில், பாரசீகம் லக்மித் அரசை 602 வாக்கில். அந்த வேலி போனதற்குப் போர் காரணமில்லை. மதம் பரவுவது வேறு கணக்கு. போர்க்களத்தில் ஒரு தேதியை மாற்றி அதைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது, நான் சொல்வதும் இல்லை.

“ஐரீன் ராணியை சார்லமேன் கல்யாணம் பண்ணியிருந்தா?”

ஐரீன் கான்ஸ்டாண்டிநோபிளை ஆண்டவர், சார்லமேன் மேற்கே பிராங்குகளின் அரசர். 802-ல் அப்படி ஒரு பேச்சு வந்ததாக வரலாற்றாசிரியர் தியோபானெஸ் எழுதுகிறார். அந்த வருடமே நிதி அதிகாரி நிகிபோரஸ் ஐரீனைக் கவிழ்த்துவிட்டார். நடந்திருந்தாலும் சார்லமேனின் ஆகெனில் ஒரு அரண்மனை, 2,000 கிலோமீட்டர் தள்ளி இன்னொன்று. பேர் ஒன்று, நிர்வாகம் இரண்டு. சீரியலுக்கு நல்ல கதை.

“மான்சிகெர்ட்ல ஜெயிச்சிருந்தா துருக்கி இன்னைக்கும் கிரேக்க நாடாதானே இருந்திருக்கும்?”

1071 ஆகஸ்டில் நான்காம் ரொமானோஸ், செல்ஜுக் துருக்கியரின் சுல்தான் அல்ப் அர்ஸ்லானிடம் தோற்றுச் சிறைப்பட்டார். பின்னணிப் படையோடு நின்ற ஆந்த்ரோனிகோஸ் டூகாஸ் உதவாமல் திரும்பிப் போனார். படையில் பெரும்பகுதி உயிரோடு தப்பியது. சுல்தானும் ரொமானோஸை மரியாதையாக வைத்து, திறை பேசி, சில நாளில் அனுப்பிவிட்டார். அவர் கேட்டது அதிகமில்லை. அவர் கண் எகிப்தின் மேல் இருந்தது.

நாசம் அதற்குப் பிறகு வந்த பத்து வருடத்தில்தான். தலைநகரில் டூகாஸ் குடும்பம் ஏழாம் மைக்கேலை உட்கார வைத்தது. திரும்பி வந்த ரொமானோஸை 1072-ல் கண்ணைக் குருடாக்கினார்கள், அதிலேயே செத்தார். பிறகு ஒரு நார்மன் கூலிப்படைத் தலைவன் கலகம், அப்புறம் தளபதிகளின் கலகம். ஆளுக்கு ஆள் துருக்கியரையே கூலிக்கு அழைத்து, கோட்டைக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். நிக்காயா நகரம் அப்படித்தான் கை மாறியது. தங்கக் காசில் கலப்படம் ஏறியது. மைக்கேலுக்கு மக்கள் வைத்த பட்டப்பெயர் ‘கால்படி குறை’ என்ற பொருளில் வரும்: ஒரு தங்கக் காசுக்குக் கிடைத்த கோதுமை அளவில் கால் பங்கு குறைந்துவிட்டதாம். ஒரு அரசனைப் பற்றி மக்கள் நினைவில் வைத்தது அதைத்தான்.

ஆகவே போரை ஜெயிக்க வைக்க வேண்டாம். தோற்கட்டும். திரும்பி வரும் ரொமானோஸுக்கு ஊர்க் கதவைத் திறந்துவிடுங்கள், போதும்.

“1453-தான் பெரிய அடியா, 1204-ஆ?”

1204. அதைச் செய்தவர்கள் சிலுவைப் போர்க்காரர்கள், அதுவும் கடனுக்காக. 33,500 பேரை எகிப்துக்கு ஏற்றிச் செல்ல வெனிஸோடு 85,000 மார்க் வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டார்கள். வந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு. கப்பல் தயாராக நிற்கிறது, பணம் இல்லை. நம்மூரில் 500 பேருக்குப் பந்தி சொல்லி 150 பேர் வந்த மண்டபக் கணக்குதான். கடனைக் கழிக்க முதலில் ஜாரா நகரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அப்போது அலெக்சியோஸ் என்ற பைசாந்திய இளவரசர் வந்து, என்னை அரியணையில் ஏற்றுங்கள், 2,00,000 மார்க் தருகிறேன் என்றார். ஏற்றினார்கள். அவரால் கொடுக்க முடியவில்லை. 1204 ஏப்ரலில் நகரமே கொள்ளை போனது. வெனிஸ் புனித மாற்கு ஆலயத்தின் நாலு வெண்கலக் குதிரைகள் அங்கிருந்து போனவை.

இங்கே மாற்ற எளிதானது, 1201-ல் அந்த இளவரசர் காவலிலிருந்து கப்பலேறித் தப்பியது. அவர் பிடிபட்டிருந்தால் வாக்குறுதி கொடுக்க ஆளில்லை. அதனால் பேரரசு செழித்திருக்கும் என்று அர்த்தமில்லை. அதற்கு முன் இருபது வருடமாக அரண்மனைக் கவிழ்ப்புகள்தான். ஆனாலும் துண்டு துண்டாகச் சிதறியிருக்காது. 1261-ல் நகரைத் திரும்பப் பிடித்தபோது கிடைத்தது ஓட்டை விழுந்த வீடு.

“பீரங்கிக்காரர் உர்பான் முதல்ல கான்ஸ்டாண்டிநோபிளுக்குத்தான் வந்தாராமே. சம்பளம் கொடுத்திருந்தா ஊர் தப்பிச்சிருக்குமே?”

வந்தார். கொடுக்கக் காசில்லை, ஓட்டோமான் சுல்தான் மெஹ்மதிடம் போனார். மேலே சொன்ன ‘சம்பளம் யார் கொடுத்தது’ கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியாது. ஆனால் உர்பான் மட்டுமே பீரங்கி வார்ப்பவர் இல்லை. அந்த நேரம் ஊரில் சுமார் 50,000 பேர், சுவரில் நிற்க 7,000 பேர். 5ஆம் நூற்றாண்டுச் சுவர்.

1453-ல் முற்றுகை தோற்றிருந்தால் ஒரு வாய்ப்பு உண்டு. மெஹ்மதுக்கு 21 வயது. ஏற்கெனவே ஒரு முறை அரியணையை அப்பாவிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தவர். பெரிய வசீர் ஹலில் பாஷா முற்றுகையை விரும்பவில்லை. தோற்றுத் திரும்பியிருந்தால் பதவி ஆடியிருக்கும். ஆனால் அடுத்த சுல்தான் வந்திருப்பார். ஊருக்கு இருபது முப்பது வருடம் கூடுதல்.

“1453 நடக்கலைன்னா வாஸ்கோ ட காமா இந்தியாவுக்கே வந்திருக்க மாட்டாரா?”

வந்திருப்பார். போர்ச்சுகீசியர் வட ஆப்பிரிக்காவின் சியூட்டாவைப் பிடித்தது 1415, ஆப்பிரிக்கக் கரையோரமாகப் போஜடோர் முனையைத் தாண்டியது 1434. இரண்டும் 1453-க்கு முன். மிளகு வெனிஸுக்குப் போனது அலெக்சாண்ட்ரியா வழியாக, அங்கே ஆட்சி மம்லூக்குகளுடையது. ஓட்டோமான்கள் எகிப்தைப் பிடித்தது 1517, காமா கோழிக்கோட்டுக்கு வந்து 19 வருடம் கழித்து. ‘துருக்கியர் வழியை அடைத்ததால்’ என்ற வரி எந்தப் பாடப்புத்தகத்தில் இருந்தாலும் பென்சிலால் அடித்துவிடுங்கள்.

“ரோம் பலமா இருந்திருந்தா நம்ம மிளகு வியாபாரமும் தொடர்ந்திருக்குமே?”

தொடரத்தான் செய்தது, வேறு கைகளில். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை அகநானூறு பாடுகிறது. 408-ல் கோத் படைத்தலைவர் அலாரிக் ரோமை முற்றுகையிட்டு விலகப் பேரம் பேசியபோது கேட்டதில் 3,000 பவுண்டு மிளகும் உண்டு. நல்ல மாற்றுக் கதை 531 வாக்கில் இருக்கிறது. பாரசீகரைத் தவிர்த்து, இந்தியாவிலிருந்து பட்டுச் சரக்கை நேரே வாங்கித் தரும்படி ஜஸ்டீனியன் எத்தியோப்பியாவின் அக்சும் அரசைக் கேட்டார். முடியவில்லை, கப்பல் வரும் துறைமுகங்களில் பாரசீக வணிகர் முன்னாலேயே உட்கார்ந்து சரக்கு முழுவதையும் வாங்கிவிட்டார்கள். அது மட்டும் பலித்திருந்தால் நம் கடற்கரைகளிலும் இலங்கையிலும் ரோமக் காசு இன்னும் அதிகம் கிடைத்திருக்கும்.

“468-ஐ மாத்திட்டா 602 கதையில வர்ற மௌரீஸ் பிறந்திருக்கவே மாட்டாரே. அப்புறம் உங்க மத்த பதிலெல்லாம் என்ன ஆகுறது?”

கேட்டது ஒரு பன்னிரண்டாம் வகுப்புப் பெண். அன்றைக்கு டீ ஆறிப்போனது. அவள் சொன்னது சரி. ஒரு இடத்தில் மாற்றினால் யார் யாரைக் கட்டினார்கள், எப்போது பிள்ளை பிறந்தது எல்லாமே மாறும். அதனால்தான் மேலே எங்கும் ரெண்டு தலைமுறைக்கு அப்பால் நான் போகவில்லை. ஒவ்வொரு பதிலும் தனித்தனி. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கக் கூடாது.

மாறாமல் வருபவையும் உண்டு. 1354-ல் கல்லிபோலியை உடைத்த நிலநடுக்கம் யார் ஆண்டாலும் வந்திருக்கும். இடிந்த கோட்டைக்குள் ஓட்டோமான்கள் குடிபுகுந்து ஐரோப்பாவில் கால் ஊன்றினார்கள். அந்தக் கரையில் வேறு யாராவது நின்றிருந்தால், அவர்கள் புகுந்திருப்பார்கள்.

“எதுவுமே மாத்தாம, நிஜத்துலயே மாற்று வரலாறு மாதிரி நடந்தது ஏதாவது இருக்கா?”

1402. எட்டு வருடமாக ஓட்டோமான் சுல்தான் பாயெசித் கான்ஸ்டாண்டிநோபிளைச் சுற்றி வளைத்திருந்தார். மானுவேல் பேரரசர் உதவி கேட்டுப் பாரிசுக்கும் லண்டனுக்கும் அலைந்துகொண்டிருந்தார், கிடைத்தது விருந்தும் அனுதாபமும். அப்போது மத்திய ஆசியாவிலிருந்து தைமூர் வந்து அங்காராவில் பாயெசித்தைச் சிறைபிடித்தார். யாராவது இதைக் கற்பனையாக எழுதிக்கொண்டு வந்திருந்தால், ரொம்ப வசதியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

பாயெசித்தின் மகன்கள் 1413 வரை தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். 1403-ல் உடன்படிக்கை மூலம் தெசலோனிக்கா பைசாந்தியத்துக்குச் சும்மாவே திரும்பி வந்தது. அதைக் காக்கக் காசில்லை என்று 1423-ல் வெனிஸிடம் ஒப்படைத்தார்கள். 1430-ல் பாயெசித்தின் பேரன் இரண்டாம் முராத் அதைப் பிடித்தார்.